இரண்டாம் மாடியில் வரும் பல்வலி

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவளும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்க்க ஆசை. போனில் கேட்டால் பாதிப் பேச்சு உன் காதுக்குப் போகாது, மீதியை நீயே கற்பனை செய்துகொள்வாய். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் கேட்ட காதுக்கு இந்த நிலைமை. அதனால் நமக்குத் தபால்தான்.

எனக்கு மாரடைப்பு வந்து நாளையோடு ஐந்து வாரம். பதினோராவது மாடிக்கு மேலே, லிஃப்ட் மோட்டார் அறையில் ஸ்பானரும் கையுமாகச் சரிந்தவனை, அவன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த லிஃப்டிலேயே இறக்க முடியாமல் படி வழியாகத் தூக்கி வந்ததைச் சொல்லிச் சொல்லி என் கூட்டாளிகள் இன்னும் சிரிக்கிறார்கள். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்று ஒரு சின்ன வலைக்குழாய் வைத்திருப்பதைத்தான் முன்பே எழுதியிருந்தேனே. இப்போது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களை இரண்டு கோஷ்டியாகப் பிரிக்கிறார்கள். ஒரு கோஷ்டி வாரம் மூன்று நாள் அங்கேயே வந்து நர்ஸ் கண் முன்னால் உடற்பயிற்சி செய்ய வேண்டும். இன்னொரு கோஷ்டி வீட்டிலிருந்தபடி தினம் அரை மணி நேரம் நடந்து டைரியில் எழுத வேண்டும். பன்னிரண்டு வாரம் கழித்து யார் நன்றாகத் தேறியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்களாம். எந்தக் கோஷ்டி என்பது நம் இஷ்டமில்லை. ஒட்டிய உறைக்குள் சீட்டு. எனக்கு வந்தது வீட்டுக் கோஷ்டி. இவளுக்கு அதில் வருத்தம்.

"அங்க போனா நாலு பேர் கவனிப்பாங்க. வீட்ல உங்கள யாரு கவனிக்கிறது?" என்றாள்.

"நீதான் இருபத்தெட்டு வருஷமா கவனிக்கிறியே, இதுவரைக்கும் என்ன கண்டுபிடிச்ச?" என்றேன். அன்றைக்கு டீ கிடைக்கவில்லை.

நடக்கும்போது எவ்வளவு சிரமம் என்பதற்கு டைரியில் ஓர் எண் போட வேண்டும். ஆறிலிருந்து இருபது வரை. ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. பதினொன்று லேசு. பதிமூன்று கொஞ்சம் கஷ்டம். பத்தொன்பது என்றால் இனி ஓர் அடி எடுத்து வைப்பதே பெரும்பாடு. "ஒண்ணுல ஆரம்பிச்சா என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன். "பக்கத்துல ஒரு பூஜ்யம் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட உங்க நாடித்துடிப்பு வரும்" என்றார் ஆராய்ச்சி நர்ஸ். எப்போதும் கட்டம் போட்ட தாளோடு அலைவதால் அவருக்குக் கட்ட நர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை.

படிவம் வேறு. சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, உடன்பிறந்தவர்களுக்கு இதய நோய் உண்டா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று எழுதினேன். எங்கள் அக்கா லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் தினம் இரண்டு தடவை மூன்று மாடி ஏறுகிறவள் என்று பெருமையடித்தேன். லிஃப்ட் மெக்கானிக்கின் அக்காவுக்கு லிஃப்ட் இல்லை என்பதில் அவருக்கு ஒரே சிரிப்பு.

அவர் கொடுத்த கையேட்டின் பிரதி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். படி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பிப்ரவரி 21

என் வாலுக்கு,

ஆசிகள். முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், நான் சுகம். உன் பெண்டாட்டிக்கு என் அனுதாபம்.

கையேட்டை ஒரு வரி விடாமல் படித்தேன். படத்தில் நடக்கிற ஆள் செருப்பு விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி சிரிக்கிறான். மாரடைப்பு வந்த முகமா அது? பதினாலாம் பக்கத்தில் ஒரு விஷயம் போட்டிருக்கிறது, பார்த்தாயா? முதல் சில மாதங்களுக்கு நோயாளிக்கு மனக்கலக்கம் தரும் செய்திகளைச் சொல்லாமல் இருப்பது குடும்பத்தாரின் கடமை. அடிக்கோடு போட்டுவிட்டேன். இனிமேல் உனக்கு நல்ல செய்தி மட்டும்தான்.

உன் எண் விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. வெங்காயம் நறுக்குவது ஏழு. துணி பிழிந்து காயப்போடுவது பன்னிரண்டு. காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறுவது பதினான்கு. குடியிருப்போர் சங்கச் செயலாளரோடு ஐந்து நிமிஷம் பேசுவது பதினெட்டு. மனுஷர் தண்ணீர்த் தொட்டி என்று ஆரம்பித்தால் உலகம் அழிகிற வரைக்கும் போவார்.

இரண்டாம் மாடித் தையல்காரம்மா தன் வாசலில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். மேலே ஏறும்போது அங்கே உட்கார்ந்து கொஞ்சம் ஊர்க்கதை. கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு பல் படுத்துகிறது. இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.

நட. பொய்க்கணக்கு எழுதாதே. என் மூன்று வயதிலிருந்து உன்னை எனக்குத் தெரியும்.

உன் அக்கா

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம். உன் பல் எப்படி இருக்கிறது?

இந்த வாரம் முழுவதும் பதினொன்று. போன வாரமும் பதினொன்று. டைரி பார்க்கவே அழகாக இருக்கிறது. தினம் சாயங்காலம் கிளம்புகிறேன். முனையில் இருக்கும் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பத்திரிகையை நீட்டுகிறார். இரண்டு பத்திரிகையும் படித்து முடித்துவிடுகிறேன். முப்பது வருஷத்தில் இத்தனை உலக ஞானம் எனக்கு வந்ததே இல்லை.

வேலைக்கு எப்போது திரும்பலாம் என்று முதலாளி கேட்டனுப்பினார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். எழுத வேறு விஷயமில்லை. நீ பத்திரம்.

உன் தம்பி

மார்ச் 14

என் வாலுக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

அரை மணி நேரம் நடக்கிறவனுக்கு இரண்டு பத்திரிகை படிக்க நேரம் எங்கிருந்து வருகிறது? நடந்துகொண்டே படிக்கிறாயா? எனக்குக் காதுதான் மந்தம், மூளை இல்லை.

பல் டாக்டரிடம் போனேன். பல்லையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வயசுக்கு இது பொக்கிஷம்மா, ஒரு குறையும் இல்ல" என்று அனுப்பிவிட்டார். வலி என்னவோ இரண்டாம் மாடிக்கு வரும்போது வருகிறது, நாற்காலியில் உட்கார்ந்தால் போய்விடுகிறது. பல்லுக்கும் ஊர்க்கதை பிடிக்கும் போலிருக்கிறது. தையல்காரம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

நீ கேட்பாய் என்பதற்காக எண்கள். மூன்று மாடி ஒன்பது. துணி ஒன்பது. கடைக்குப் போய்வருவது ஒன்பது. இங்கே எல்லாம் நன்றாகவே இருக்கிறது. உன் உடம்பை மட்டும் நினைத்துக்கொள்.

உன் அக்கா

மார்ச் 31

வாலு,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சந்து வழியாக ஓடுகிறார். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? உன் பெண்டாட்டியையாவது ஒரு வரி எழுதச் சொல். பத்திரிகை விஷயத்தில் நான் கேட்டது கோபமா? இனி கேட்கவில்லை.

நான் சுகம். எல்லாம் ஒன்பதுதான்.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உடம்பும் சுகம். மனசு மட்டும் கொஞ்சம் கூசிப்போய்க் கிடந்தது. அதுதான் எழுதவில்லை.

நீ சந்தேகப்பட்டது சரி. நான் நடக்கவில்லை, அக்கா. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போவேன். அங்கே உட்கார்ந்து பத்திரிகை படித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வியர்த்தவன் மாதிரி வீடு திரும்புவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைரியை எடுத்து ஏழு நாளுக்கும் ஒரே மூச்சில் பதினொன்று, பதினொன்று என்று எழுதிவிடுவேன். கேட்ட எண்ணைக் கொடுத்தால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரியில் பரீட்சை. நீண்ட வராந்தாவில் ஆறு நிமிஷம் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பார்கள். முதல் தடவை முந்நூற்று எண்பது மீட்டர் நடந்தவன், இந்தத் தடவை முந்நூற்று அறுபதில் நின்றுவிட்டேன். கட்ட நர்ஸ் என் டைரியை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"தாள் ஒண்ணு சொல்லுது, வராந்தா ஒண்ணு சொல்லுதே" என்றார். "நாப்பத்திரண்டு நாளும் பதினொண்ணு. மழை பெஞ்ச நாள், சளி புடிச்ச நாள், வீட்ல சண்டை போட்ட நாள், எல்லாத்துக்கும் பதினொண்ணு. மனுஷ உடம்பு அப்படி எழுதாதுங்க. ஒரே எண் வந்தா, ஒண்ணு ஆள் நடக்கல, இல்லன்னா எதையோ மறைக்கிறார்னு அர்த்தம்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். துரத்திவிடுவார் என்று நினைத்தேன். துரத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். பயம் என்று சொன்னேன். அன்றைக்கு மோட்டார் அறையில் நெஞ்சு எப்படி அடித்ததோ, கொஞ்சம் வேகமாக நடந்தாலும் அப்படியே அடிக்கிறது. நின்றுவிடும் என்று தோன்றுகிறது. இதை இவளிடம்கூட நான் சொல்லவில்லை.

அவர் என் விரலை என் மணிக்கட்டிலேயே வைத்து, என்னோடு வராந்தாவில் நடந்தார். நாடி நூற்றைந்துக்குப் போனது. "பயப்படாதீங்க, இப்ப நில்லுங்க, எண்ணுங்க" என்றார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூறு, எண்பத்திரண்டு. ஏறிய லிஃப்ட் இறங்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஏறிய நாடி இறங்கும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

பழைய பக்கங்களின் குறுக்கே "எழுதியது உண்மையல்ல" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து நிஜமாகவே நடக்கிறேன். நேற்று பதிமூன்று, முந்தாநாள் பதினைந்து, அதற்கு முந்தைய நாள் மழை, நடக்கவில்லை.

மன்னித்துவிடு. உன் பல் தேவலையா?

உன் தம்பி

ஏப்ரல் 14

என் வாலுக்கு,

நீ சுகம் என்று படித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உன்னை நன்றாகத் திட்ட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன், நீ வராந்தாவில் அழுத இடத்தைப் படித்ததும் நானும் அழுதுவிட்டேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது ஆள் ஹலோ சொல்கிற தினுசிலேயே பொய்யைக் கண்டுபிடிப்பேன். தபாலில் நீ தப்பித்துவிட்டாய். அந்த நர்ஸ் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். கெட்டிக்காரி.

பயமாக இருந்தால் பயம் என்று சொல்வதற்கு என்ன? நான் என்ன வேற்று மனுஷியா?

என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம். பல்வலி போயே போச்சு. மூன்று மாடி ஒன்பது, துணி ஒன்பது, கடை ஒன்பது, சங்கச் செயலாளர்கூட ஒன்பதுதான். தையல்காரம்மா கடைக்குப் போகும்போது எனக்கும் சேர்த்துக் காய்கறி வாங்கி வந்துவிடுகிறார். நல்ல பெண்மணி.

தொடர்ந்து நட. உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இவள் கையில் கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும் வரை உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். நானே வந்திருப்பேன். வந்தால் நீ என் உடம்பைப் பற்றியே பேசிப் பேசி, என்னைத் தேற்றி, அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவாய். இவளிடம் அது நடக்காது.

உன் கடிதங்களையெல்லாம் மேஜையில் பரப்பி, என் டைரியின் காலிப் பக்கத்தில் உன் எண்களை ஏற்றினேன். பிப்ரவரியில் ஏழு, பன்னிரண்டு, பதினான்கு, பதினெட்டு. மார்ச்சிலிருந்து ஒன்பது, ஒன்பது, ஒன்பது. சங்கச் செயலாளர் எப்போது ஒன்பதுக்கு இறங்கினார், அக்கா? அவர் செத்தால்தான் இறங்குவார். கடைக்குப் போய்வருவது ஒன்பது என்கிறாய், அதே கடிதத்தில் காய்கறியைத் தையல்காரம்மா வாங்கி வருகிறார் என்கிறாய். நாற்பத்திரண்டு பதினொன்று எழுதியவன் நான். என் காதில் பூ சுற்றாதே.

அந்தத் தாளைக் கட்ட நர்ஸிடம் கொண்டுபோனேன். பல்வலிக் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"யாரு இந்தப் பேஷண்ட்?" என்று கேட்டார்.

"பேஷண்ட் இல்லம்மா, எங்க அக்கா."

"படி ஏறினா தாடை வலிக்குது, உக்காந்தா போயிடுது. பல்லுக்கு மாடி கணக்கு தெரியாதுங்க. பெண்களுக்கு நெஞ்சு வலியாத்தான் வரணும்னு இல்ல. தாடைல வரும், முதுகுல வரும், வெறும் அசதியாவும் வரும். நாளைக்கே ஒரு இதய டாக்டர பாக்கச் சொல்லுங்க. நாளைக்கேன்னா நாளைக்கே."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டு "இல்லை" என்று எழுதினேனே, அந்த மேஜைக்கு முன்னால்தான் உட்கார்ந்தேன்.

எனக்கு மனக்கலக்கம் வரக் கூடாது என்றுதானே இதெல்லாம்? பதினாலாம் பக்கத்தைக் கிழித்துப் போடு. நீ இல்லாமல் போனால் எனக்கு வருவதற்குக் கையேட்டில் பக்கமே கிடையாது. இவளோடு கிளம்பு. வாதம் செய்யாதே, அக்கா. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் தம்பி

மே 14

என் தம்பிக்கு,

முதல் வரியில் சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது. இன்றைக்கு அதை யோசித்து எழுதுகிறேன். சுகமாகிக்கொண்டிருக்கிறேன்.

உன் பெண்டாட்டி தினமும் போனில் உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் வாயால் நான் சொல்ல வேண்டும். அவள் மூன்று மாடியும் ஏறி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் கடிதத்தை நீட்டி, "படிங்க அண்ணி" என்றாள். படித்தேன். "அவனுக்கு வேற வேலை இல்ல, உடம்பு சரியில்லாதவன் எதையாவது நினைச்சுப்பான்" என்று ஆரம்பித்தேன். "செருப்பப் போடுங்க அண்ணி" என்றாள். "நாளைக்குப் போலாமே" என்றேன். "செருப்பப் போடுங்க." அந்தப் பெண்ணுக்கு இத்தனை சுருக்கமாகப் பேசத் தெரியும் என்று இருபத்தெட்டு வருஷத்தில் நீ சொன்னதே இல்லை.

இதயத்தின் இடது பக்கப் பெரிய குழாயில் ஒரு நூல் போகிற அளவுக்குத்தான் வழி இருந்ததாம். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கும் உன்னைப் போல ஒரு வலைக்குழாய். அக்காளும் தம்பியும் ஒரே கடையில் வாங்கின மாதிரி.

இப்போது உண்மையை எழுதுகிறேன். மார்ச்சிலிருந்து மூன்று மாடி பதினேழு. சில நாள் பதினெட்டு. ஒரு நாள் தையல்காரம்மா வீட்டு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஊர்க்கதை எதுவும் பேசவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவர் பயந்து தண்ணீர் கொடுத்தார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பதினாலாம் பக்கத்தைக் காரணம் காட்ட எனக்கு வசதியாக இருந்தது. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, உன் அத்தான். "ஒரே ஒரு டெஸ்ட்தான், சாயங்காலம் வந்துடுவேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு, இதே படியில் தன் காலால் இறங்கிப் போனார். ஏறி வரவில்லை. அன்றிலிருந்து டெஸ்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கை கால் ஓடாது. உன்னிடம் பயத்தைச் சொல்ல என்ன என்று பெரிதாக எழுதினேன், நானே மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதம் எழுதுவதற்கு எத்தனை என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பத்தொன்பது.

உன் பெண்டாட்டியைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். அவளிடம் டீ கேட்டு வாயைக் கொடுக்காதே, நீயே போட்டுக் கொடு.

உன் அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

இவள் வந்து சேர்ந்தாள். டீ நான்தான் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, பத்தொன்பது என்றாள்.

பன்னிரண்டு வாரப் பரீட்சை முடிந்தது. நானூற்று அறுபத்தைந்து மீட்டர். கடைசித் திருப்பத்தில் கட்ட நர்ஸ் கைதட்டினார். எந்தக் கோஷ்டி ஜெயித்தது என்று கேட்டேன். எல்லோருடைய எண்ணையும் சேர்த்துப் பார்க்க இன்னும் இரண்டு வருஷம் ஆகுமாம். "அதுல நான் யாரு?" என்றேன். "ஒரு புள்ளி" என்றார். "எங்க அக்கா?" என்றேன். "அவங்க எங்க ஆராய்ச்சியிலயே இல்லையே. அவங்க எந்தக் கணக்குலயும் வர மாட்டாங்க."

பிறகு என் பழைய படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அழிக்கக் கூடாதாம். "இல்லை" என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் "உண்டு" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டேன். எத்தனையோ லிஃப்ட் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டவன் நான், இதைப் போட மட்டும் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தேன்.

நீயும் பயிற்சிக்குப் போகிறாயாமே. டைரி உண்டா? நேர்மையாக எழுது.

உன் தம்பி

ஜூன் 24

என் வாலுக்கு,

சுகம். இந்த முறை யோசிக்காமலே எழுத வந்தது. நீங்கள் இருவரும் அப்படியே இருங்கள்.

இங்கே ஆராய்ச்சி எல்லாம் இல்லை, வெறும் பயிற்சி வகுப்புதான். பத்துப் பேர் வட்டமாக நின்று கையை ஆட்டுகிறோம். டெலிபோன் ஆபரேட்டர் என்று தெரிந்ததும், நம்பரைச் சத்தமாக எண்ணும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். காது கேட்காதவள் கத்துகிற கத்தலில் பக்கத்து வார்டில் இருப்பவர்களும் சேர்ந்து பயிற்சி செய்கிறார்களாம்.

சேரும்போது எனக்கும் படிவம் கொடுத்தார்கள். உடன்பிறந்தவர்களுக்கு இதய நோய் உண்டா? "உண்டு, ஒரு தம்பி. அவனுக்கு வந்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன்" என்று எழுதினேன். "உண்டு, இல்லைன்னு எழுதினா போதும்மா" என்றாள் படிவம் வாங்கிய பெண். இடம் இருந்ததே என்றேன்.

போன வாரக் கணக்கு. திங்கள் பன்னிரண்டு. செவ்வாய் பதினைந்து, வெயில். புதன் போகவில்லை, சோம்பல், வேறு காரணம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. வியாழன் பதிமூன்று. வெள்ளி பதினொன்று, சத்தியமாக ஒரு நாள் மட்டும்தான் பதினொன்று.

டாக்டர் அனுமதி கொடுத்ததால் நேற்று முதல் தடவையாக மூன்று மாடியும் நிறுத்தாமல் ஏறிப் பார்த்தேன். தையல்காரம்மா நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார். நான் உட்காரவில்லை.

"பல்லு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எந்தப் பல்லு?" என்றேன்.

மேலே வந்து கதவைத் திறந்ததும் டைரியை எடுத்தேன். பதினான்கு. பன்னிரண்டு என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய் என்று கை துடித்தது. பிறகு பதினான்கு என்றே எழுதினேன்.

உன் அக்கா